சொந்தக் கம்பெனியில் சம்பளமா, டிவிடெண்டா? மதுரை ஐடி கன்சல்டன்ட்களுக்கு எது லாபம்?

மதுரையில் ஐடி வேலை என்றால் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் பூங்காக்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கும் 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஐடி மதுரையும் இருக்கிறது. மேலூர், திருமங்கலம், ஒத்தக்கடை பக்கம் வீட்டில் உட்கார்ந்தபடியே வெளியூர், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை பார்ப்பவர்கள் இவர்கள்.

இவர்களில் பலர் ஊழியர்கள் அல்ல, ‘கன்சல்டன்ட்’கள். பிஎஃப் கிடையாது, ஃபார்ம் 16 கிடையாது. மாதம் ஒரு இன்வாய்ஸ், அதற்குப் பணம். வருமானம் கொஞ்சம் ஏறியதுமே நண்பர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: “பேசாம ஒரு கம்பெனி ஆரம்பி. சம்பளத்தைக் குறைச்சு வெச்சுட்டு மீதியை டிவிடெண்டா எடுத்துக்கோ, வரி மிச்சம்.”

இது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை தலைகீழ்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

பிரிட்டனில் சொந்தக் கம்பெனி மூலம் வேலை செய்யும் கான்ட்ராக்டர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே சம்பளத்துக்கு ஒரு வரம்புக்கு மேல் ‘நேஷனல் இன்சூரன்ஸ்’ கட்ட வேண்டும், டிவிடெண்டுக்கு அது இல்லை. அதனால் அங்கே கணக்கு ஒத்துவருகிறது.

இந்தியாவில் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. இருபதுக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு பிஎஃப்கூடப் பொதுவாகக் கட்டாயமில்லை. இன்னொன்று, 2020 மார்ச் வரை டிவிடெண்டுக்கான வரியைக் கம்பெனியே கட்டியது. 2020 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்ட் வாங்குபவர்தான் தன் வருமான வரம்புப்படி வரி கட்ட வேண்டும். பழைய வீடியோக்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஒரே ரூ.30 லட்சம், நாலு கணக்கு

ஒரு மென்பொருள் கன்சல்டன்டுக்கு ஆண்டு வரவு ரூ.30 லட்சம், செலவு ரூ.3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வேறு வருமானம் இல்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி:

• கம்பெனி இல்லாமல், தனிநபராக (44ஏடிஏ): வரவில் பாதி, அதாவது ரூ.15 லட்சம்தான் வருமானம். வரி ரூ.1,09,200.

• கம்பெனி தொடங்கி, ரூ.27 லட்சத்தையும் சம்பளமாக எடுத்தால்: கம்பெனிக்கு லாபம் இல்லை, வரியும் இல்லை. தனிநபர் வரி ரூ.3,82,200.

• ரூ.12.75 லட்சம் சம்பளம், மீதி கம்பெனியிலேயே: சம்பளத்துக்கு வரி பூஜ்யம். மீதமுள்ள ரூ.14.25 லட்சம் லாபத்துக்குக் கம்பெனி வரி சுமார் ரூ.3.59 லட்சம்.

• ரூ.12.75 லட்சம் சம்பளம், மீதி டிவிடெண்ட்: கம்பெனி வரியோடு தனிநபர் வரியும் சேர்ந்து சுமார் ரூ.6.36 லட்சம்.

முதல் வழிக்கும் கடைசி வழிக்கும் ஆண்டுக்கு ரூ.5 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ‘வரி மிச்சம்’ என்று சொல்லப்பட்ட வழிதான் இருப்பதிலேயே காஸ்ட்லி.

ஏன் இப்படி?

சம்பளம் கம்பெனிக்குச் செலவு. அதைக் கழித்த பிறகுதான் லாபம் கணக்கிடப்படும். டிவிடெண்ட் அப்படியில்லை. முதலில் லாபத்தின் மீது கம்பெனி சுமார் 25.17% வரி கட்டுகிறது (சலுகை விகிதமான 22%, அதன்மேல் சர்சார்ஜ், செஸ்). மிஞ்சியது உரிமையாளர் கைக்கு வரும்போது இன்னொரு முறை வரி. ஒரே பணம், இரண்டு வரி.

ரூ.12.75 லட்சம் என்ற எண் எப்படி வந்தது? மொத்த வருமானம் ரூ.12 லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு. சம்பளக்காரர்களுக்கு அதோடு ரூ.75,000 நிலையான கழிவும் சேர்கிறது. இந்த எல்லையைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும், ரூ.4 லட்சத்துக்கு மேலுள்ள தொகை முழுவதற்கும் வரி வரும். எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு மட்டும் சிறு நிவாரணம் உண்டு.

44ஏடிஏ யாருக்குக் கிடைக்கும்?

மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருக்கும் தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும். கம்பெனிக்குக் கிடையாது. வரவின் வரம்பு ரூ.50 லட்சம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ரூ.75 லட்சம்.

வரவில் 50 சதவீதமோ அதற்கு மேலோ வருமானமாகக் காட்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவையில்லை. ஆண்டு வரவு ரூ.24 லட்சமாக இருந்து, வேறு வருமானமும் இல்லையென்றால் வரியே இல்லை.

இந்திய நிறுவனம் 10% டிடிஎஸ் பிடித்திருந்தால் மேலே சொன்ன நபருக்கு ரூ.3 லட்சம் பிடிக்கப்பட்டிருக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் ரூ.1,90,800 திரும்பக் கிடைக்கும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் டிடிஎஸ் இருக்காது. மார்ச் 15-க்குள் முன்வரியைத் தானே கட்டிவிட வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 44ஏடிஏ என்பது 1961 சட்டத்தில் உள்ள எண்.

அப்போ கம்பெனியே வேண்டாமா?

வரிக்காக மட்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. வரவு ரூ.75 லட்சத்தைத் தாண்டினாலோ, ஆட்களை வேலைக்கு வைத்தாலோ, கிளையன்ட் கம்பெனியோடுதான் ஒப்பந்தம் போடுவேன் என்றாலோ, நஷ்டஈடு வழக்கு வரக்கூடிய வேலை என்றாலோ கம்பெனிக்கு அர்த்தம் உண்டு. ஒருநபர் கம்பெனிக்கு இருந்த மூலதன, விற்றுமுதல் வரம்புகளும் 2021-ல் நீக்கப்பட்டுவிட்டன.

வீட்டுக்கடனையும் யோசிக்க வேண்டும். 44ஏடிஏ-வில் வருமானத்தைப் பாதியாகக் காட்டினால், கடன் தகுதியைக் கணக்கிடும்போது வங்கி அந்தப் பாதியைத்தான் பார்க்க வாய்ப்பு அதிகம்.

கம்பெனி இருந்தால் சம்பளம் எவ்வளவு?

குடும்பத்துக்குத் தேவையான பணத்தைச் சம்பளமாகவே எடுப்பது நல்லது. ரூ.12.75 லட்சம் வரை யோசிக்கவே வேண்டாம். அதற்கு மேல், தொழிலில் திருப்பிப் போடப்போகும் பணத்தை மட்டும் கம்பெனியில் விடலாம். டிவிடெண்ட் கடைசி வழி. சம்பளத்துக்கு இயக்குநர் குழு தீர்மானம், வங்கி வழியாகப் பட்டுவாடா, டிடிஎஸ் தாக்கல் எல்லாம் முறையாக இருக்க வேண்டும். வேலைக்குப் பொருந்தாத அளவுக்குச் சம்பளம் அதிகமாக இருந்தால், அந்தக் கூடுதல் தொகையைச் செலவாக ஏற்க வருமான வரித்துறை மறுக்கலாம்.

மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள்

• கம்பெனியிலிருந்து ‘கைமாத்து’: நம்ம கம்பெனிதானே என்று பணத்தை எடுத்தால், குறைந்தது 10% வாக்குரிமை உள்ளவருக்கு அது டிவிடெண்டாகவே கருதப்பட்டு வரி விதிக்கப்படலாம். இயக்குநருக்குக் கடன் கொடுக்கக் கம்பெனிச் சட்டத்திலும் கட்டுப்பாடு உண்டு.

• மனைவி பெயரில் சம்பளம்: அவருடைய தொழில்நுட்ப, தொழில்முறைத் தகுதிக்காகத் தரப்படும் சம்பளமாக இல்லாவிட்டால், அது கணவர் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும்.

• தாமதத் தாக்கல்: வரவே இல்லாவிட்டாலும் கம்பெனிக்குத் தணிக்கை கட்டாயம். ஆண்டுப் படிவங்கள் தாமதமானால், படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ரூ.100. ஒரு வருஷம் மறந்தால் ஒரு படிவத்துக்கே ரூ.36,500.

எந்த வழியானாலும் சேவை வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. மாநகராட்சிக்கான தொழில் வரி ஆண்டுக்கு ரூ.2,500-ஐத் தாண்டாது.

கம்பெனி தொடங்குவது சில நாள் வேலை, மூடுவது அவ்வளவு சுலபமில்லை. பெயர் பதிவு செய்வதற்கு முன்பே, தன் வரவு செலவை வைத்து இந்த நாலு கணக்கையும் ஆடிட்டரிடம் போட்டுப் பார்ப்பவருக்கு அந்த அலைச்சல் மிச்சம்.