பையை விற்றவனே பொறுப்பேற்க வேண்டும்

மார்பக ஆபரேஷன் என்பது நாலு பேர் நடுவே பேசக் கூடாத விஷயம் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேசாமல் இருப்பதால் யாருக்கு லாபம்? நிச்சயமாகப் பெண்களுக்கு அல்ல. ஆகவே பேசுகிறோம்.

பிரான்ஸ் நாட்டின் தென்கரையில் லா சேன் சுர் மேர் என்ற ஊரில் பி.ஐ.பி. என்று ஒரு கம்பெனி இருந்தது. மார்பகத்துக்குள் வைத்துத் தைக்கும் சிலிகோன் பைகளே அதன் சரக்கு. 2010 மார்ச்சில் பிரெஞ்சு சர்க்கார் அச்சரக்கின் விற்பனையை நிறுத்தியது. காரணம் என்ன? பைக்குள் இருந்தது வைத்தியத்துக்கென அனுமதி பெற்ற சிலிகோன் அல்ல. தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவுச் சரக்கு. அதற்குள் பல நாடுகளில் சுமார் 3 லட்சம் பெண்களின் உடம்புக்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

சோதனை நடக்கவில்லையா? நடந்தது. தரச் சான்று கொடுத்த ஜெர்மன் நிறுவனம் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் சோதனைக்கு வந்தது. வருகிற நாளில் மலிவுச் சரக்கு மறைத்து வைக்கப்பட்டது. பார்த்தவர்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பெனியின் ஸ்தாபகர் ழான் குளோத் மாஸுக்கு 2013 டிசம்பரில் 4 ஆண்டுச் சிறைத் தண்டனையும் 75,000 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டன. கம்பெனியோ அதற்கு முன்பே திவாலாகிவிட்டது.

பைகளைச் சுமந்த பெண்களின் கதி என்ன? அவற்றை எடுத்துவிடும்படி பிரெஞ்சு சர்க்கார் 2011 டிசம்பரில் யோசனை கூறியது. எடுக்கும் செலவு பொதுப் பணத்தின் தலையில் விழுந்தது. புதுப் பை வைக்கும் செலவோ, புற்றுநோய்க்குப் பின் மார்பகத்தைச் சீரமைத்துக் கொண்டவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. மற்றவர்கள் தங்கள் கைக்காசைத் தேட வேண்டியதாயிற்று. லாபம் வந்தபோது அது முதலாளியுடையது. நஷ்டம் வந்தபோது அது ஊருடையது!

"அந்தப் பெண்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்ததுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். எதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தார்கள் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

இந்த ஆபரேஷன்கள் ஒரே வகையல்ல. பாரம் தாங்காமல் கழுத்தும் தோளும் முதுகும் வலிப்பவர்களுக்கு மார்பகத்தைக் குறைக்கும் ஆபரேஷன் உண்டு. தளர்ந்ததைத் தூக்கிக் கட்டும் ஆபரேஷன் உண்டு. இவ்விரண்டுக்கும் பை கட்டாயமில்லை. ஆனால் தழும்பு நிற்கும். குறைத்த பின் தாய்ப்பால் கொடுப்பதில் சிரமம் நேரலாம். பெரிதாக்குவதற்குத் தன் உடம்புக் கொழுப்பையே எடுத்து வைப்பது ஒரு வழி. அதில் ஒரு பகுதி கரைந்து போகும், மறுபடியும் செய்ய நேரலாம். பை வைப்பது மற்றொரு வழி. உப்புநீர்ப் பை கிழிந்தால் சுருங்கிவிடும், உடனே தெரியும். சிலிகோன் பை கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பையும் ஆயுள் முழுதும் நிற்காது. இன்றைக்கு ஒரு ஆபரேஷன் என்றால் பின்னால் இன்னொன்றும் காத்திருக்கலாம்.

பையின் மேற்புறத்திலும் வித்தியாசம் உண்டு. வழவழப்பானது ஒன்று, சொரசொரப்பானது ஒன்று. சொரசொரப்பான பையைச் சுற்றி ஒரு வகைப் புற்றுநோய் அபூர்வமாகத் தோன்றுவது தெரியவந்தது. அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா கேட்டுக்கொண்டதன் பேரில், 2019 ஜூலையில் அல்லர்கன் கம்பெனி தனது சொரசொரப்புப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதுவரை அந்த இலாகாவுக்கு வந்திருந்த தகவல், உலகம் முழுதும் 573 நோயாளிகள், 33 சாவுகள். இது கள்ளச் சரக்கல்ல. அனுமதி பெற்ற சரக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆபத்துகளை விளக்கும் பட்டியலை நோயாளியுடன் உட்கார்ந்து படித்துப் பார்த்த பிறகே பை வைக்கலாம் என்று அதே இலாகா உத்தரவிட்டது 2021 அக்டோபரில். முதல் சிலிகோன் பை ஒரு பெண்ணின் உடம்பில் வைக்கப்பட்டது 1962ல். இவ்வளவு சாதாரணமான ஒரு விதி வருவதற்கு 59 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

நமது மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு. 2018ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மார்பக ஆபரேஷன்களை அழகுச் சிகிச்சையாகவும் இலவசமாகச் செய்வதாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய பணத்தை அழகுக்குச் செலவிடலாமா என்று கண்டனம் எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கேலி செய்வது நியாயமல்ல. புற்றுநோயில் மார்பகத்தை இழந்தவள் அதைத் திரும்பப் பெற விரும்புவது ஆடம்பரமா? பாரம் தூக்கிப் பிழைக்கும் பெண் தன் மார்பின் கனத்தால் முதுகு நொந்து வருவது ஆடம்பரமா? இவர்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியின் கதவு திறந்தே இருக்க வேண்டும். பணக்கார வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் நிவாரணம் கூலிக்காரப் பெண்ணுக்கும் உரியதுதான்.

அதே சமயம், உடம்பில் ஒரு குறையும் இல்லாத பெண்ணிடம் "உனக்குக் குறை இருக்கிறது" என்று விளம்பரப் பலகையில் எழுதி வைத்து, பிறகு அந்தக் குறைக்கு மருந்து விற்பதை நாம் கண்டிக்கிறோம். வாங்குகிற பெண்ணை அல்ல, விற்கிறவனைக் கண்டிக்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு வகை ஆபரேஷனின் பலனும் கெடுதலும் பிற்காலச் செலவும் தமிழில், அச்சில், கையெழுத்துக்கு முன்பே பெண்ணின் கையில் கொடுக்கப்பட வேண்டும். யோசிக்க நாள் கொடுக்க வேண்டும். வைத்த பையின் கம்பெனிப் பெயரும் எண்ணும் அவளிடமும் சர்க்கார் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். சோதனை அதிகாரிகள் சொல்லாமல் வர வேண்டும். சரக்கு கெட்டுப் போனால் எடுக்கும் செலவையும் மாற்றும் செலவையும் விற்ற கம்பெனியே ஏற்க வேண்டும். அதற்கான பணத்தை விற்பனைக்கு முன்பே சர்க்காரிடம் கட்டிவைக்க வேண்டும், திவால் என்று கை விரிக்க இடம் தரக் கூடாது.

இத்தனையும் நடந்த பிறகு ஒரு பெண் வேண்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும், அதுதான் அவளுடைய தேர்வு. அதற்கு முன் நடப்பது வெறும் வியாபாரம்.