மாடி யாருக்குச் சொந்தம்?

தாராவி என்றால் இன்று எல்லோரும் நிலத்தின் விலையைத்தான் பேசுகிறார்கள். மித்தி ஆற்றோரம் அது சதுப்பாகக் கிடந்தபோது விலை பேச ஒருவரும் வரவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களும் மற்றவர்களும் குப்பையையும் செங்கல் உடைசலையும் கொட்டி மேடாக்கினார்கள். சாக்கும் தகரமும் போய்ச் சுவர் வந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனபோது மேலே ஒரு மாடி எழும்பியது, இரும்பு ஏணியோடு.

இப்போது புனரமைப்பு என்று அளக்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எந்த வருஷத்து அத்தாட்சி இருக்கிறது? 2000 ஜனவரி 1 வரை வந்த தரைத்தளக்காரருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவர் இரண்டரை லட்சம் கட்டி வெளியே போகவேண்டும். மாடியில் இருப்பவருக்கும் வெளியேதான். வாடகை கட்டித் தவணையில் வாங்கிக்கொள்ளலாமாம். கீழே அப்பன், மேலே பிள்ளை. ஒரே சுவர். நடுவில் கோடு கிழிக்கிறார்கள்.

உழைப்புக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லையா? 1882 முதலே இருக்கிறது. தனக்கே உரியது என்று நல்லெண்ணத்தோடு நம்பி நிலத்தை மேம்படுத்தியவரை, மேலான உரிமையுள்ளவர் வெளியேற்ற வந்தால், மேம்பாட்டின் மதிப்பைத் தரவேண்டும். இல்லையேல் நிலத்தையே அவருக்கு விற்கவேண்டும். சொத்து மாற்றுச் சட்டம், 51-ஆம் பிரிவு. பத்திரத்தில் குறையுள்ள பங்களாக்காரருக்கு இது உதவும். நம்மிடமோ, "உன் நிலமல்ல என்று தெரிந்துதானே கட்டினாய்?" என்று மடக்குவார்கள்.

தெரிந்துதான் கட்டினோம். 1976-இல் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தவர்களுக்கும் தெரியும். குழாய் போட்டவர்களுக்கும், மின்கட்டணம் வாங்கியவர்களுக்கும் தெரியும். நடைபாதைவாசிகள் வழக்கில் (மனுதாரர்களுள் ஒருவர் நம் சேலத்துக் கூலித் தொழிலாளி) உச்ச நீதிமன்றம் 1985-இல் என்ன சொன்னது? இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுக் காரியத்துக்கு வேண்டியிருந்தாலன்றி அகற்றக்கூடாது. அகற்றினால் மாற்று இடம் தரவேண்டும் என்றது. 'மேம்படுத்தப்பட்ட' என்ற அந்தச் சொல்லைத்தான் நாம் பிடித்துக்கொள்ளவேண்டும். கொட்டிய மண்ணுக்கு நாம் கூலி கேட்கவில்லை. மாடியையும் வீடாக எண்ணு, தாராவிக்குள்ளேயே இடம் கொடு என்கிறோம்.

அதுவரை, மாடியில் குடியிருக்கும் தாய்மார்களே, மின்சார ரசீது, வாங்கிய பத்திரம், தரைத்தளக்காரர் எழுதித் தந்த காகிதம், எதையும் தகரப் பெட்டிக்கு அடியில் மக்க விடாதீர்கள். நகலெடுத்து ஒன்றைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள்.