விருந்தினர் வாங்காத நாக்கு

ஸ்பானிய மொழியைக் குறைந்த செலவிற் கற்க விரும்பும் மேலைநாட்டவர் பலர் குவாத்தமாலாவை நாடுகின்றனர். அற்றித்லான் ஏரிக்கரையிலுள்ள சான் பெட்ரோ லா லகுனா அத்தகையதோர் ஊர். ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் ஒருவர் என்ற முறையிற் பாடம். உள்ளூர்க் குடும்பமொன்றின் வீட்டில் உணவும் உறையுளும்.

"வீட்டார் தமக்குள் ஸ்பானிய மொழி பேசுவதில்லையே, கொடுத்த பணம் வீணல்லவா?" என முறைப்படுவோர் உளர்.

அவ்வீட்டாரின் தாய்மொழி சூதுஹில். அந்நாட்டின் 22 மாயன் மொழிகளுள் ஒன்று. ஸ்பானிய மொழியோ 1524 இல் பேத்ரோ தெ அல்வராதோவின் படையோடு அக்கரைக்கு வந்தது. உள்நாட்டுப் போர் 1996 இல் முடிந்த பின்னரும், மாயன் மொழிகளுக்கு அரசியலமைப்பில் உரிய இடமளிக்கும் திருத்தங்கள் 1999 ஆம் ஆண்டு வாக்கெடுப்பிற் தோற்றன. அவற்றைத் தேசிய மொழிகளாக ஏற்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

இத்தனைக்கும் பின்னர் ஒரு தாய் தன் பிள்ளையைத் தன் மொழியிற் சாப்பிட அழைத்தால், அது சேவைக் குறைபாடாம்! விருந்தினர் விலை கொடுத்தது சோற்றுக்கும் அறைக்கும். அவ்வீட்டின் நாக்குக்கு அன்று.

அவருடன் அத்தாய் பேசும் ஸ்பானிய மொழியும் அவர் கற்றுப்பெற்ற இரண்டாம் மொழியே. அம்மொழியைக் கற்பதன் கடினத்தை அம்மேசையில் அவரைவிட அறிந்தவர் எவர்?