அடிக்கும் முன் பாருங்கள்!



கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட பூச்சி ஒன்று கொத்தமல்லிப் பூவுக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. உடனே "ஐயோ, தேனீ!" என்று அலறி, நோட்டால் ஒரே போடு போடுகிறீர்கள் அல்லவா? செய்யாதீர்கள்! அது தேனீ அல்ல, ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது. பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வேளாண்மை படித்தவர்கள் இதை 'சிர்பிட் ஈ' என்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தேனீக்கு 4 இறக்கைகள். இதற்கு 2 மட்டுமே. உணர்கொம்பு மிகவும் குட்டை. தலையில் பெரும்பகுதி கண்தான். ஹெலிகாப்டர் போல ஒரே இடத்தில் நின்று பறக்கும்.

நம் ஊர் வயல்களில் காணப்படும் ஒரு வகைக்கு 'இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ்' என்று பெயர். வாயில் நுழையவில்லையா? பரவாயில்லை. அதன் முகவரியைத் தெரிந்துகொள்ளுங்கள். அவரை, தட்டைப்பயறு போன்ற கொடிகளில் அசுவினிப் பூச்சி மொய்க்கும் இடம்தான் அது. அங்கேதான் தாய் ஈ முட்டையிடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நானே ஒரு தவறு செய்தேன். பள்ளித் தோட்டத்தில் அவரைப் பந்தல் போட்டிருந்தோம். கொழுந்தெல்லாம் கறுப்பாக அசுவினி. நடுவே கால் இல்லாத பச்சைப் புழுக்கள். "இவைதான் செடியைத் தின்கின்றன, நசுக்குங்கள்" என்றேன். ஒரு மாணவி மட்டும், "சார், இலையில் ஓட்டையே இல்லையே?" என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

அந்த ஆண்டு ஒரு கூடை காய்கூடத் தேறவில்லை. பிறகு வேளாண் அலுவலர் ஒருவர் விளக்கினார். அவை சிர்பிட் ஈயின் புழுக்களாம்! இலையைத் தொடாதாம். ஒவ்வொன்றும் வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்று தீர்க்குமாம். எங்கள் காவல்காரர்களை நாங்களே கொன்றிருந்தோம். அந்த மாணவி கண்ணால் பார்த்தாள். நான் பாராமலே தீர்ப்புச் சொன்னேன்.

ஆகவே என் கருத்து இதுதான். ஒரு பூச்சியைக் கண்டதும், "இதன் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்பது போதாது. "எங்கே இருக்கிறது? என்ன தின்கிறது?" என்று முதலில் கேளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். ஆனால், நசுக்கிய உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒரு பூச்செடி அருகே சும்மா நில்லுங்கள். பார்த்ததைத் தேதி, இடம், செடியின் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். நோட்டு எழுதத்தானே, அடிக்கவா?