பத்து வயதில் கண்ணாடி தந்து என்ன பயன்?

உலகப் பார்வை நாளை ஒட்டி, பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கண்ணாடிகளின் எண்ணிக்கை சாதனையாக முழங்கப்படும்போது, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் அந்தக் கணக்கில் ஏன் இல்லை என்று எவரும் கேட்பதில்லை. 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் பள்ளிப் பரிசோதனை, நெடுங்காலம் 10 முதல் 14 வயதினரையே முதன்மையாகக் கருதியது. கிட்டப்பார்வைக்கு அந்த வயது பொருந்தும். சோம்பல் கண்ணுக்கு அது காலங்கடந்த வயது.

மாறுகண்ணாலோ இரு கண்களின் பவர் வேறுபாட்டாலோ ஒரு கண்ணிலிருந்து மங்கலான அல்லது மறு கண்ணோடு பொருந்தாத பிம்பமே வந்துகொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடுவதே சோம்பல் கண். மறு கண் நன்றாக இருப்பதால் குழந்தை தடுமாறுவதில்லை, பெற்றோருக்கும் தெரிவதில்லை. நரம்பியல் ஆய்வாளர்களான ஹியூபெலும் வீசலும் 1960-களில் பூனைக்குட்டியின் ஓர் இமையைத் தைத்துவைத்துப் பின்னர் பிரித்தபோது, கண் நலமாக இருந்தும் மூளையின் பார்வைப் பகுதி அதன் செய்தியை ஏற்கவில்லை. வளர்ந்த பூனையிடமோ அதே தையல் அத்தகைய பாதிப்பை உண்டாக்கவில்லை. இவ்விருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைகளிடமும் ஏழெட்டு வயதுக்குப் பின், கண்ணாடியும் நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டும் தரும் பலன் குறைந்துகொண்டே போகிறது.

சுவீடன் நான்கு வயதுக் குழந்தைகள் அனைவரையும் குழந்தைநல மையங்களில் சோதிக்கிறது. அதனால் கடுமையான சோம்பல் கண் 2 விழுக்காட்டிலிருந்து 0.2 விழுக்காடாகக் குறைந்ததை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயிரத்தில் இருபது பேருக்கு இருந்தது இரண்டு பேராகச் சுருங்கிய இந்த ஓர் எண்ணுக்குமேல் வேறு சான்று கேட்பவர், பரிசோதனையைத் தள்ளிப்போடவே சாக்குத் தேடுகிறார்.

எழுத்தறியாப் பிள்ளையை எப்படிச் சோதிப்பது என்பது அறியாமையின் வாதம். வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் ஆகியவற்றைத் தொலைவில் காட்டி, கையிலுள்ள அட்டையில் அதே படத்தைத் தொடச் சொல்லும் முறை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. தவறான பரிந்துரைகளால் மருத்துவமனைகளில் கூட்டம் பெருகும் என்போரின் கவலை மருத்துவமனையைப் பற்றியதேயன்றிக் குழந்தையைப் பற்றியதன்று. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் இருக்கிறதே என்று கோப்பை நீட்டுவோரும் உண்டு. அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை வரவேண்டிய அத்திட்டத்தின் மருத்துவக் குழு முப்பது வகைக் குறைபாடுகளைத் தேடவேண்டும். ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் பார்க்கும் நிதானம் அங்கே யாருக்கு வாய்க்கும்?

அங்கன்வாடியை விட்டு முதல் வகுப்புக்குச் செல்லுமுன், தடுப்பூசி அட்டையைப்போல் கண் பரிசோதனைச் சான்றையும் கட்டாயமாக்க வேண்டும். அதைச் செய்யாதவரை, சோம்பல் கண்ணால் இந்நாட்டில் பறிபோகும் ஒவ்வொரு பார்வைக்கும் அரசே முழுப்பொறுப்பு.