பெயரற்ற நால்வர்

சென்னைக் கடற்கரைச் சாலையிலே சிலைகளுக்குப் பஞ்சமில்லை. புலவர் பெருமக்கள் நிற்கின்றனர், தலைவர்கள் நிற்கின்றனர். சற்றுத் தொலைவிலே, தீவுத்திடலருகே, வெள்ளையர் ஆட்சிக்கால ஆளுநர் தாமஸ் மன்றோ 1839 முதல் குதிரைமீது வீற்றிருக்கிறார். பீடந்தோறும் ஒரு பெயர்; பெயர்தோறும் ஒரு புகழ்.

அதே கடற்கரையிலே, பெயரற்ற நால்வரும் இருக்கின்றனர். குதிரையில்லை, பட்டமில்லை. அரையிலே துணி, கையிலே நெம்புகோல், எதிரே அசைய மறுக்கும் பாறை. 1959 சனவரியில், குடியரசு நாளுக்கு முதல்நாள் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அது!

அதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்திலே பிறந்து, 1929 முதல் 1957 வரை சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கிய சிற்பி. உருவமைப்புக்காக அவர் எந்தச் சீமானையும் தேடிச் செல்லவில்லை. பள்ளியின் காவலாளியையும் மாணவர் ஒருவரையுமே மாதிரியாக நிறுத்தினார் என்பர்.

தலைவர்களுக்குச் சிலை கூடாதென்பதல்ல நமது வாதம். அவர்தம் தொண்டு போற்றுதற்குரியது. ஆனால் தலைவரின் சிலையை மக்கள் அண்ணாந்து நோக்குகின்றனர். இந்த நால்வரிடத்திலோ தம்மையே காண்கின்றனர். ஒருவர் கைவிட்டால் பாறை நகராது. ஒற்றுமை என்று மேடைதோறும் நாம் பேசுவதை, பேசாமலே சொல்லிக் கொண்டிருக்கிறது அந்த வெண்கலம்.

ஆனால், சிலைக்கு மாலை சூட்டுவோரெல்லாம் உழைப்பை மதிப்போர்தாமா? 1923 மே முதல் நாளன்று, இதே கடற்கரையிலேதான் சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடினார். இந்திய மண்ணின் முதல் மே நாள் அது. சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், இதே நகரின் சட்டமன்றத்திலே, நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலைவாங்க வழிதிறக்கும் திருத்தம் நிறைவேறிற்று! தொழிற்சங்கங்கள் வெகுண்டெழுந்தன, இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. மே நாளன்று, அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். பாறை நகர்ந்தது, நகர்த்தியது வெண்கலக் கையா? இல்லை, ஒன்றுபட்ட உழைப்பாளியின் கை!

இன்னொன்றும் எண்ணிப் பார்த்திடல் வேண்டும். அந்த நால்வருமே ஆடவர். கல் சுமக்கும் சித்தாள் எங்கே? நாற்று நடும் தாய் எங்கே? விடியுமுன் தெருவைத் துப்புரவு செய்யும் தோழி எங்கே? அவர்கள் எழுப்பிய நகரங்களிலே அவர்களுக்கொரு பீடம் இல்லையென்பது நீதியாகுமா?

தோழர்களே! நகர்மன்றங்களிலும் பேரூராட்சிகளிலும் நம்மவர் அமர்ந்திருக்கின்றனர். அடுத்த சிலைக்கான தீர்மானம் வரும்போது, பெயரற்ற அந்தப் பெண்களுக்காக அவர்கள் குரல் எழட்டும். அத்தோடு நின்றுவிடாமல், அவர்தம் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் அதே குரல் ஓங்கட்டும். கூலியை மறுத்துவிட்டுச் சிலை வைப்பது, பசித்தவன் முன்னே படையல் போடுவதாகும்.