மேற்படிப்புக்கான ஆங்கிலம்: பட்டியலா, வாசிப்பா?

நமது நாட்டில் இளநிலைப் பட்டப் படிப்பின் வாயிலில் தாய்மொழிகளுக்கு இப்பொழுது ஓரளவு இடம் கிடைத்திருக்கிறது. மருத்துவ இளநிலைப் படிப்புக்கான நீட் தேர்வும், பொறியியற் படிப்புக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வும் 2021 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடைபெற்று வருகின்றன. ஆனால் அடுத்த வாயிலுக்கு வரும்பொழுது நிலைமை மாறிவிடுகிறது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட், அறிவியல் முதுநிலைப் படிப்புக்கான ஜாம், மருத்துவ முதுநிலைப் படிப்புக்கான நீட் ஆகியவற்றின் வினாத்தாள்கள் ஆங்கிலத்தில் மட்டுமே அமைந்துள்ளன. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுவோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வும் அவ்வாறே. இத்தேர்வுகளைத் தாய்மொழிகளிலும் நடத்தவேண்டுமா என்பது தனியே ஆராயவேண்டிய விஷயம். அதற்கு விடை காணும் வரையில், இவ்வாண்டு தேர்வு எழுதப் போகும் மாணவன் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெரும்பாலான மாணவர்கள் செய்வது யாவரும் அறிந்ததே. மூவாயிரம், நாலாயிரம் அருஞ்சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வாங்கி, நாளுக்கு ஐம்பது சொற்களாக நெட்டுருப் போடுகிறார்கள். இம்முறையில் செலவாகும் உழைப்பு பெரிது. கிட்டும் பயனோ மிகச் சிறிது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு அறிவியற் செய்திகளைப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை நான் சற்று உறுதியுடனேயே கூறுகிறேன்.

வேளாண்மைப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்றவர். மண்ணின் தன்மையைக் கையால் தொட்டே கூறக்கூடியவர். இரண்டு தடித்த குறிப்பேடுகள் நிறைய ஆங்கிலச் சொற்களை எழுதி வைத்திருந்தார். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் கூறினார். பின்னர் ஒரு சிறு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். புதிய நெல் ரகம் ஒன்றை உழவர்கள் ஏற்றுக்கொண்டது பற்றிய பத்தி அது. அதில் 'ஃபியூ' என்ற சொல் வந்தது. 'சில உழவர்கள் புதிய ரகத்தை ஏற்றனர்' என்று அவர் பொருள் கொண்டார். ஆசிரியர் எழுதியதோ, 'சில உழவர்களே ஏற்றனர்' என்பது. அதாவது, ஏறத்தாழ எவருமே ஏற்கவில்லை என்பது. 'எ ஃபியூ' என்றிருந்தால் அவர் சொன்னது சரி. முன்னே நிற்கும் ஓரெழுத்து இல்லாமையால் பத்தியின் கருத்தே தலைகீழாயிற்று. அதனைத் தொடர்ந்து வந்த மூன்று வினாக்களுக்கும் அவர் தவறாகவே விடையளித்தார். அவருக்கு அறிவியல் தெரியாமலில்லை, அருஞ்சொல்லும் தெரியாமலில்லை. வாசிப்பு மட்டுமே பழகவில்லை.

இதை எழுதும்பொழுது என் பழைய பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்வது முறை. பணியில் சேர்ந்த புதிதில், துத்தநாக சல்பேட் இட்டதால் விளைச்சலில் 'அப்ரீஷியபிள்' உயர்வு இல்லை என்ற ஆய்வுக் குறிப்பைத் தமிழாக்கினேன். 'பாராட்டத்தக்க உயர்வு இல்லை' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த களப்பணியாளர் ஒருவர், 'அப்படியானால் பாராட்டத்தகாத உயர்வு எவ்வளவு இருந்தது ஐயா?' என்று வினவினார். குறிப்பிடத்தக்க அளவில் உயர்வு இல்லை என்பதே அங்குப் பொருள். அச்சொல்லை நான் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிவேன். ஆனால் அதன் ஒரு பொருளை மட்டுமே அறிந்திருந்தேன். தேர்வுகளில் மாணவரைத் தடுக்கி விழச் செய்பவை பெரும்பாலும் இத்தகைய அறிமுகமான சொற்களே. 'சாங்ஷன்' என்பது இசைவையும் குறிக்கும், தண்டனையையும் குறிக்கும். 'ஓவர்சைட்' மேற்பார்வையாகவும் இருக்கலாம், கவனக்குறைவாகவும் இருக்கலாம். ஒரு கூற்றைக் 'குவாலிஃபை' செய்தல் என்றால், அக்கூற்றுக்கு வரம்பு கட்டுதல். இப்பொருள்களை வாக்கியத்திற்குள் வைத்துப் பார்த்தாலன்றிப் பட்டியல் கற்பிக்காது.

தேர்வுகளின் அமைப்பையும் நோக்குவோம். ஜி.ஆர்.இ. தேர்வில் முன்னர் எதிர்ச்சொல் வினாக்களும், சொல் ஒப்புமை வினாக்களும் இருந்தன. தனிச்சொற்களை நெட்டுருப் போட்டவர்களுக்கு அக்காலத்தில் ஓரளவு பயன் இருந்தது. 2011 ஆகஸ்டில் அவ்விரு வகைகளும் நீக்கப்பட்டன. இப்பொழுது சொல்லறிவு முழு வாக்கியத்திற்குள்ளேயே சோதிக்கப்படுகிறது. ஒரு பத்தியில் இரண்டு அல்லது மூன்று இடங்கள் விடப்பட்டிருந்தால், அனைத்தையும் சரியாக நிரப்பினால்தான் மதிப்பெண். ஒன்றில் தவறினாலும் ஒன்றுமில்லை. 2023 செப்டம்பரில் தேர்வின் நேரம் குறைக்கப்பட்ட பின்னர், மொழித்திறன் பகுதியில் 27 வினாக்களுக்கு 41 நிமிடங்கள் அளிக்கப்படுகின்றன. ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் என்பது கணக்கு. கேட் தேர்விலோ மொத்தம் 100 மதிப்பெண்களில் 15 பொதுத்திறனுக்கு உரியவை. ஆங்கில வாசிப்பும் சொல்லாட்சியும் அதில் ஒரு பகுதி. ஜாம் தேர்வில் ஆங்கிலத்திற்கெனத் தனிப் பகுதியே கிடையாது. ஆயினும் வினாவைப் பிழையாகப் படித்தவன் இயற்பியலில் வல்லவனாயினும் பிழையான விடையையே அளிப்பான்.

எனில், எத்தனை சொற்கள் வேண்டும்? இவ்வினாவுக்கு நமது துணைக்கண்டத்திலேயே விடை தேடப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. பிரிக்கப்படாத வங்காளத்தின் டாக்காவில் கல்வித் துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், இந்நாட்டு மாணவருக்கு ஆங்கிலத்தில் முதற்கண் தேவைப்படுவது படித்தறியும் ஆற்றலே என்று கண்டார். வங்காளத்தின் இருமொழி நிலை பற்றிய அவரது நூல் 1926-இல் வெளிவந்தது. பாடநூல்கள் அரிய சொற்களை அளவுக்கு மீறித் திணிக்கின்றன என்று கருதிய அவர், அடிக்கடி வரும் சொற்களை முதலில் தந்து, அவற்றையே மீண்டும் மீண்டும் வரச் செய்யும் வாசிப்பு நூல்களை எழுதினார். அவர் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே இடம் பெற்றன. பின்னர் 2000-ஆம் ஆண்டில், நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர், பல துறைகளின் கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் திரட்டி ஆராய்ந்து, வெஸ்டின் பட்டியலுக்கு அப்பால் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கு இந்த 570 குடும்பங்களுக்குள் அடங்குகிறது.

இக்கணக்கு மாணவருக்கு நம்பிக்கையூட்டத் தக்கது. நாளுக்கு ஆறு குடும்பங்கள் எனக் கொண்டால் 95 நாள்களில் இப்பணி நிறைவெய்தும். குடும்பம் என்பதன் பொருளைக் களப்பணியாளருக்கு விளக்க வேண்டுவதில்லை. 'வெரைட்டி' என்ற சொல்லை அவர்கள் நாள்தோறும் வயலில் வழங்குகிறார்கள். மாறுதலைக் குறிக்கும் 'வேரி', மாறியைக் குறிக்கும் 'வேரியபிள்', மாறாமல் எப்பொழுதும் என்று பொருள்படும் 'இன்வேரியபிளி' ஆகிய யாவும் அதன் உறவினரே. ஒன்றை அறிந்தவனுக்கு மற்றவை அந்நியமல்ல. அரிய சொற்கள் தேர்வில் வரவே வாரா என்று நான் கூறவில்லை. அடிப்படை அமைந்த பிறகு அவற்றைக் கற்கலாம். அடிப்படையின்றி அவற்றைக் கற்பது சுவரெழுப்பாமல் கூரை வேய்வதற்கு ஒப்பாகும்.

இனிப் பயிற்சி முறை பற்றிச் சில சொல்வேன். நாளுக்கு ஒரு பக்கம் போதும். அதுவும் மாணவர் தம் துறை சார்ந்த பக்கமாக இருப்பது நன்று. பொருள் தெரிந்த இடத்தில் மொழி எளிதில் பிடிபடும். பெங்களூரிலிருந்து 1932 முதல் வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழும், இந்திய அறிவியல் அகாதெமி மாணவர்களுக்கென 1996 முதல் வெளியிடும் 'ரெசனன்ஸ்' இதழும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதல் முறை அகராதியைத் தொடாமல் படிக்கவேண்டும். படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு, அப்பக்கத்தின் கருத்தைத் தமிழில் இரண்டு வாக்கியங்களில் எழுதவேண்டும். இரண்டாம் முறை படிக்கும்பொழுது, கருத்தைத் தடுத்த சொற்களுக்கு மட்டும் அகராதியைப் பார்க்கவேண்டும். சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியம் முழுவதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் அவ்வாக்கியங்களை மீளப் பார்க்கவேண்டும். ஒரே மூச்சில் பன்முறை ஓதுவதினும் இடைவெளி விட்டு ஓதுவது நினைவில் நிலைக்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-இலேயே எடுத்துக்காட்டியுள்ளார்.

தமிழில் எழுதுவது எதற்கு, ஆங்கிலத்திலேயே சிந்திக்கப் பழக்க வேண்டாமா என்று சில ஆசிரியர்கள் கேட்கக்கூடும். அவர்கள் கருத்தில் உண்மை இல்லாமலில்லை. தேர்வு மண்டபத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் பெயர்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஆனால் பயிற்சிக் காலம் வேறு, தேர்வு நேரம் வேறு. மாணவன் உண்மையில் புரிந்துகொண்டானா, சொற்களின் மேல் கண்ணை ஓட்டினானா என்று அறிவதற்குத் தாய்மொழியை விடச் சிறந்த உரைகல் இல்லை. மேலே சொன்ன இளைஞரின் பிழையை வெளிப்படுத்தியது எது? 'சிலர்' என்பதற்கும் 'சிலரே' என்பதற்கும் இடையே நிற்கும் தமிழ் ஏகாரமே அன்றோ! மேலும், இரு மொழிகளின் அமைப்பும் எதிரெதிரானது. 'மழை பெய்தபோதிலும்' என்று நாம் தொடரின் இறுதியில் வைப்பதை ஆங்கிலம் 'ஆல்தோ' என்று தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறது. 'நேற்று நட்ட நாற்று' என்று நாம் பெயருக்கு முன் வைக்கும் அடையை ஆங்கிலம் பெயருக்குப் பின்னே நீட்டிச் செல்கிறது. நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எது, அதற்குரிய வினை எது என்று முதலில் கண்டுகொள்ளும் பழக்கம், ஒப்பிட்டுப் பார்த்தவனுக்கே விரைவில் வரும். அப்பழக்கம் வேரூன்றிய பின் தமிழாக்கம் தானே உதிர்ந்துவிடும். விரைவும் தானே கூடும்.

இதில் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யக்கூடியது மிகுதி. பயிற்சி நிலையங்கள் நகரங்களில் உள்ளன. அவற்றின் கட்டணம் எளியோர்க்கு எட்டுவதில்லை. ஆனால் ஒரு கல்லூரியில் வகுப்பு முடிந்த பின் அரைமணி நேரம், ஐந்தாறு மாணவரை அமர்த்தி ஒரு பக்கத்தைப் படிக்கச் செய்வதற்குச் செலவு எதுவுமில்லை. அதை ஆங்கில ஆசிரியரிடமே விட்டுவிட வேண்டியதுமில்லை. தாவரவியல் ஆசிரியர் தாவரவியற் கட்டுரையைப் படிப்பித்தால் இன்னும் சிறப்பு. வட்டார அலுவலகங்களில் பணிபுரிவோரிடம் ஒரே செய்தியைக் கூறும் ஆங்கில வெளியீடும் தமிழ் வெளியீடும் அருகருகே இருக்கக் காண்கிறோம். அவற்றை ஊரிலுள்ள பட்டதாரி இளைஞரிடம் கொடுத்து ஒப்பிட்டுப் படிக்கச் சொல்வதே ஒரு நல்ல தொடக்கமாகும். தமிழாக்கத்தில் பிழையிருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கட்டும். என் போன்றோர்க்கும் அது நன்மையே.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, உயர்கல்வியில் ஆங்கிலத்தை நூலக மொழியாகக் கருதியது. அச்சொல்லாட்சி பொருள் பொதிந்தது. நூலக மொழி என்பது ஒருவனுடைய அறிவை அளக்கும் கோல் அன்று. அடுக்கில் உள்ள நூலை எடுத்துப் பயன்கொள்ளும் திறவுகோல். அத்திறவுகோலைச் செய்துகொள்ள நாளுக்கு ஒரு பக்கமும், ஒரு குறிப்பேடும், பொறுமையும் வேண்டும். அந்த வேளாண் பட்டதாரி தம் இரு குறிப்பேடுகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு மூன்றாவது ஒன்றைத் தொடங்கினார். அதன் முதற் பக்கத்தில் அவர் எழுதிக்கொண்டது, தாம் பிழையாகப் படித்த அந்த ஒரு வாக்கியம்.